ஆடி வெள்ளிக்குக் கொடுத்தனுப்பிய பென்சில் டப்பா

ஜூலை 7, ஞாயிறு

விடாத தூறல். பென்சில் கட்டையெல்லாம் ஈரம் கோத்துக் கிடக்கிறது. பிளேடை வைத்தால் சுருளாக வராமல் நார் நாராகப் பிய்கிறது. ஒரு பென்சிலுக்கு இவ்வளவு நேரமா என்று எனக்கே எரிச்சல். கடைசியில் டப்பாவை அடுப்பு மேடையில் சோத்துச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துச் சூடு காட்டினேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, இன்னைக்கு சோத்துக்குப் பென்சிலா தொட்டுக்க?" என்கிறார். டீ ஃபேக்டரியில் ட்ரையர் ஓட்டுகிற மனுசன். நாள் பூராவும் இலையைக் காய வைப்பார். பொண்டாட்டி பென்சிலைக் காய வைத்தால் மட்டும் சிரிப்பு.

சூடு பட்டதும் கட்டை வழிக்கு வந்தது. அந்தச் சுகத்தை யாரிடம் சொல்ல? அரை பிளேடு போதும். பிளேடு பிடித்த கை சும்மா இருக்கணும், தள்ளுவது பென்சில் பிடித்த கையின் கட்டைவிரல்தான். கட்டை மெல்லிசாகச் சுருண்டு மடியில் விழும். அந்த வாசம்! பிறகு உள்ளே இருக்கிற லெட்டை உப்புத்தாளில் படுக்கப் போட்டு உருட்டி உருட்டித் தேய்த்தால் முனை ஊசியாக நிற்கும். ஷார்ப்னரில் போட்டுத் திருகுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அது எங்கே சீவுகிறது, மெல்லுகிறது.

முனைக்கு ஏன் இத்தனை பாடு? சுருக்கெழுத்தில் ஒரு கோட்டை மெல்லிசாக இழுத்தால் எஃப், அதையே அழுத்தி இழுத்தால் வி. முனை மழுங்கிப் போனால் ஃபேன் எது வேன் எது என்று அந்த ஆண்டவனுக்கே தெரியாது. ஆகஸ்டில் சீனியர் பரீட்சை. இதில் பாஸானால்தான் கோர்ட்டு ஸ்டெனோ வேலைக்கு எழுதிப் போட முடியும். அதற்கடுத்த பரீட்சையில் பாஸாகி என்ன செய்ய, அதற்குள் வயசு தாண்டிவிடும். பேக்கிங் ஹாலில் டீத்தூளை மூச்சாக இழுத்தது போதும் சாமி. எனக்கு ஒரு நாற்காலி வேணும். முன்னால் ஒரு மேஜை. அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஜூலை 10, புதன்

ஷிஃப்ட் முடிந்து நேராகக் குன்னூர் சுருக்கெழுத்து இன்ஸ்டிட்யூட். கூடப் படிக்கிற வனிதா எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். வேலை பார்க்கிற பேக்கரியிலிருந்து உடைந்த வர்க்கி பிஸ்கட் ஒரு பொட்டலம் கொண்டு வந்திருந்தாள், எனக்காக. உடையாததைக் கொண்டு வந்தால் முதலாளி கத்துவாராம்.

எங்களுக்குள்ளே ஒரு ஏற்பாடு. அவள் குரல் கணீர் என்று இருக்கும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பேப்பரை ஒரே வேகத்தில் படிப்பாள், நான் எழுதுவேன். பதிலுக்கு அவள் பென்சிலெல்லாம் நான் சீவிக் கொடுப்பேன். அவளுக்கு அது சுட்டுப் போட்டாலும் வராது. போன மாசம் முயற்சி பண்ணி ஒரு பென்சிலைக் கடுகு டப்பாவுக்குள்ளே போடுகிற அளவுக்குக் குட்டையாக்கி, விரலையும் வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். "அக்கா, இனிமே இந்த ஜென்மத்துல பிளேடைத் தொட மாட்டேனுங்க" என்று சத்தியம்.

வகுப்பில் யாருடைய பென்சிலோ உருண்டு கீழே விழுந்தது. அருள்ராஜ் சார் டிக்டேஷனை நிறுத்திவிட்டார். "விழுந்த பென்சில் செத்த பென்சில். வெளிய பாத்தா நல்லா இருக்கும், உள்ள லெட்டு துண்டு துண்டா ஒடஞ்சிருக்கும். தூக்கிப் போடு!" மாசத்துக்கு ஒரு தடவையாவது இதைச் சொல்லிவிடுவார். வெளியே வந்ததும் வனிதா அவரைப் போலவே மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "செத்த பென்சில்! தூக்கிப் போடு!" என்று பண்ணிக் காட்டினாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சிரிப்பு. எனக்கு இருமலே வந்துவிட்டது.

ஜூலை 18, வியாழன்

ஆடி பிறந்தாச்சு. மழையும் கூடவே.

இன்று வாங்கின பென்சிலில் லெட் நடுவில் இல்லை. ஒரு பக்கம் கட்டை தடிமன், ஒரு பக்கம் தோல் மாதிரி. சீவ சீவ ஒரு பக்கம் மட்டும் லெட் எட்டிப் பார்க்கிறது. கடுப்பில் அடுப்பில் போடப் போனேன். அப்புறம் மனசு கேட்காமல் இந்த டைரி எழுத வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வனிதாவோடு பஷீர் பாய் கடைக்குப் போனேன். இரண்டு பேருக்கும் பரீட்சைக்குப் புதுப் பென்சில், ஒரே மாதிரி நீலத் தகர டப்பா இரண்டு. பாய் ஒவ்வொரு பென்சிலாக அடிப்பக்கம் காட்டி, லெட் நடுவில் இருக்கிறதா என்று பார்க்க விட்டார். வேறு எந்தக் கடையில் இந்தப் பொறுமை இருக்கு? "உங்க ரெண்டு பேருக்கும் வேலை கெடச்சா எனக்கு என்னம்மா தருவீங்க?" என்றார். வனிதா, "கோர்ட்டுல உங்க மேல கேஸ் வந்தா மெதுவா டைப் அடிக்கறோம் பாய்" என்றாள். அந்த வாய் இருக்கே!

திரும்பி வரும்போது படிக்கட்டில் திடீரென்று அழுதாள். அவள் ஒண்டியிருக்கிற அண்ணன் வீட்டில் மறுபடி பேச்சாம். திருப்பூருக்கு வேலைக்குப் போன புருசன் திரும்பி வரவில்லை, போனும் எடுப்பதில்லை, இரண்டு வருசமாகிறது. அண்ணி இவள் காதுபட, "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாளாம். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். ரெண்டு பேரும் பாஸ் பண்ணுவோம், ரெண்டு பேரும் ஊட்டி கோர்ட்டுக்கு ஒரே பஸ்ஸில் போவோம் என்றேன். மனசறிந்துதான் சொன்னேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

லீவு போட்டு இரண்டு டப்பாவையும் முடித்தேன். டப்பாவுக்கு ஆறு பென்சில். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் முனை. ஒரு பக்கம் ஒடிந்தால் திருப்பிப் பிடித்துக்கொள்ளலாம், நின்று யோசிக்க நேரம் கிடையாது.

என்னுடையதை நீளமாகச் சீவினேன். வனிதாவுடையதைக் குட்டையாக, தடிமனாக விட்டேன். அவளுக்கு அழுத்துகிற கை. நீள முனை அவளிடம் ஒரு வரி தாங்காது. இதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால், "அப்ப எனக்குக் கை சரியில்லையா அக்கா?" என்று அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவளுக்குத் தெரியாமலேயே ஒரு வருசமாக இப்படித்தான் சீவிக் கொடுக்கிறேன். டப்பாவில் பேர்கூட எழுதவில்லை. திறந்து பார்த்தால் எனக்குத் தெரியாதா?

ஒட்டியிருந்த விலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தேன், இரண்டு டப்பாவிலும். மடி நிறையச் சீவல். அவர் வந்து, "பெருக்கிட்டுத்தான் சோறா, சோறு போட்டுட்டுப் பெருக்குவியா?" என்றார். சிரித்துக்கொண்டே பெருக்கினேன். அவ்வளவு சந்தோசமாக இருந்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆடி வெள்ளி. எனக்கு ஷிஃப்ட். மாரியம்மன் காலடியில் வைத்து எடுத்து வருகிறேன் என்று வனிதா காலையிலேயே வந்து இரண்டு டப்பாவையும் ஹால் டிக்கெட்டையும் வாங்கிப் போனாள். "பத்திரம்டி" என்றேன். "உசுரு மாதிரி வெச்சுக்கறேன் போங்கக்கா."

ஆகஸ்ட் 10, சனி

எழுதவே கை வரவில்லை. ஆனால் எழுதாமல் தூக்கம் வராது.

காலையில் பஸ் ஸ்டாண்டில் அவள் டப்பாவையும் ஹால் டிக்கெட்டையும் கொடுத்தாள். மூடியில் குங்குமம். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஊட்டி போகிற வரைக்கும் அவள் ஒன்றும் பேசவில்லை. பயம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஹாலில் டப்பாவைத் திறந்தேன். குட்டை முனை. அட, இது அவளுடையதாச்சே! டப்பா மாறிவிட்டது. சரி, போகிறது, குட்டை முனையில் எழுத முடியாதா என்ன. எனக்குப் பயமே வரவில்லை. அவளைத்தான் நினைத்தேன், நீள முனையை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை என்ன பாடுபடப் போகிறதோ என்று. அவளுக்கு வேற ரூம், எட்டிப் பார்க்கவும் முடியாது.

டிக்டேஷன் ஆரம்பித்தது. முதல் வரி முடியவில்லை, முனை ஒடியவில்லை — கழன்று விழுந்தது. பல் விழுகிற மாதிரி. திருப்பினேன். இரண்டு வரி. அதுவும் கழன்றது. அடுத்த பென்சில். அதுவும். அதுக்கடுத்ததும். ஒரு முனைகூட நிக்கலை. ஒண்ணுகூட! டிக்டேட் பண்ற ஆள் பாட்டுக்குப் படிச்சுட்டே போறார், நான் டப்பாவுக்குள்ள கையை விட்டுத் துழாவிட்டு இருக்கேன். பக்கத்துல இருக்கறவங்க பென்சில் ஓடற சத்தம் மட்டும் கேக்குது. கடைசிக்கு விரல் நுனியில லெட் துண்டைப் பிடிச்சுக் கிறுக்கினேன். பாதி பாசேஜ் போச்சு. பாதி இல்லாம எதைப் பெயர்த்து எழுத?

வெளியே வந்ததும் வனிதா ஓடி வந்தாள். "ஏனுங்க்கா, இந்தத் தடவை எதுக்கு இத்தனை நீளமா சீவிப்போட்டீங்க? எனக்கு மூணு ஒடஞ்சுபோச்சு. நல்லவேளை, மிச்சத்தை வெச்சு ஒப்பேத்திட்டேன்."

"டப்பா மாறிப் போச்சு வனி. உன்னோடது எங்கிட்ட வந்துருச்சு."

ஒரு நிமிசம் என்னைப் பார்த்தாள். "அப்படிங்களா? பூசாரி மாத்தி வெச்சுட்டாருங்களோ என்னமோ" என்றாள்.

எனக்கு நடந்ததைச் சொன்னேன். அழுதேன். அவளும் அழுதாள். பஸ்ஸில் அவள் தோளில்தான் சாய்ந்துகொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையில் அந்த ஆறு பென்சிலையும் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். ஆறிலும் உள்ளே லெட் துண்டு துண்டாக ஒடிந்திருக்கிறது. அரை இஞ்சுக்கு ஒரு முறிவு. வியாழக்கிழமை சீவும்போது ஒன்றுகூடக் கழலவில்லையே! உப்புத்தாளில் அந்தத் தேய் தேய்த்தேனே, நின்றதே!

டப்பாவைக் கழுவப் போனேன். அடியில் விலை ஸ்டிக்கர். நான் சுரண்டி எடுத்தேன். இரண்டிலும் எடுத்தேன். எனக்கென்ன பைத்தியமா பிடித்திருக்கு?

அவரிடம் சொன்னேன். "ஒண்ணுல மறந்திருப்ப, போச்சாது விடு" என்றார். போச்சாதாம். அவருக்கு எல்லாமே போச்சாதுதான். வீடு பற்றி எரிந்தாலும் போச்சாது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பஷீர் பாயோடு சண்டை போடத்தான் போனேன். பழைய சரக்கைத் தள்ளிவிட்டீங்களா பாய் என்று கேட்கத்தான் போனேன். பிளந்த பென்சிலைக் கல்லா மேலே கொட்டினேன்.

அவர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "இது என்னைய கேக்கற கேள்வி இல்லம்மா" என்றார். "அந்தப் புள்ள உங்கிட்ட சொல்லலையா? வெள்ளிக்கெழமை சாயங்காலம், கோயில்ல இருந்து வர்றப்ப. நல்ல மழை. அந்தா, அந்தப் படியில டப்பாவைத் தவற விட்டுருச்சு. மேப்படியில இருந்து கீழ ரோடு வரைக்கும் தடதடன்னு உருண்டுச்சு. நானும் எறங்கிப் போய்ப் பொறுக்கிக் குடுத்தேன். டப்பா நசுங்கிப் போச்சுன்னு புதுசு ஒண்ணு வாங்கிட்டுப் போச்சு."

"ரெண்டு டப்பாவுமா விழுந்துச்சு பாய்?"

"ஒண்ணுதான். இன்னொண்ணைக் கையிலயே வெச்சிருந்துச்சு."

ஸ்டூல் எடுத்துப் போட்டார், உட்காரவில்லை. டீ சொல்கிறேன் என்றார், வேண்டாம் என்றேன்.

பூசாரி மாத்தலை. தவறி மாறலை. நசுங்கின டப்பாவைக் குடுத்தா கேப்பேன்னு, புது டப்பா வாங்கி, செத்த பென்சிலை அடுக்கி, குங்குமம் தடவி — எந்தக் கையால தடவுனா? அந்தக் குங்குமத்தை நான் கண்ணுல ஒத்திக்கிட்டேனே! பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தானே இருந்தா!

ரெண்டும் ஒரே மாதிரி சீவினதுன்னு நெனச்சிருக்கா. மாத்தினா எனக்குத் தெரியவே தெரியாதுன்னு நெனச்சிருக்கா.

ஆகஸ்ட் 14, புதன்

வகுப்புக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

லீவு. படுத்தே கிடந்தேன். டப்பா வாங்கத் தெரிந்தவளுக்கு அதே கடையில் பென்சில் வாங்கத் தெரியாதா? ஷார்ப்னர் வாங்கத் தெரியாதா? எனக்கு ஒரு போன் போட்டிருந்தால் கடைசி பஸ்ஸைப் பிடித்தாவது போய்ச் சீவிக் கொடுத்திருக்க மாட்டேனா?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பேக்கரிக்குப் போனேன். போகக்கூடாது என்று நேற்று முழுக்க நினைத்துவிட்டு இன்று போனேன். வாசலில் ஆள் குறைகிற வரைக்கும் எதிர்ப்பக்கம் நின்றேன். டூரிஸ்ட்டுக்கு வர்க்கி எடை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"டப்பா விழுந்துச்சா வனி?" என்றேன்.

"எந்த டப்பாங்க்கா?"

"பஷீர் பாயைப் பார்த்தேன்."

சிரிப்பு நின்றது. பேப்பரை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்த பேப்பரை மறுபடி மடித்தாள். கடைசியில், "உள்ள ஒடஞ்சிருக்கும்னு எனக்கு நிச்சயமா தெரியாதுங்க்கா" என்றாள்.

"தெரியாதுன்னா நீயே வெச்சு எழுதியிருக்க வேண்டியதுதானே?"

அடுத்த பேப்பரை எடுத்து மடித்தாள்.

"செத்த பென்சில், தூக்கிப் போடுன்னு சார் மாதிரி பண்ணிக் காட்டுனியே, அது தெரியாமத்தான் பண்ணுனியா?"

அப்போதுதான் நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணி இல்லை. "உங்களுக்கு உங்கூட்டுக்காரரு இருக்காருங்க. ஃபேக்டரி வேலை இருக்குது. ஃபேக்டரி குடுத்த லைன் ஊடு இருக்குது. பெயிலானாலும் போய்ப் படுக்க ஒரு எடம் இருக்குது. எனக்கு என்னங்க இருக்குது? எங்கண்ணன் ஊட்டுல என்ற தட்டைத் தனியா எடுத்து வெச்சுட்டாங்க. அன்னைக்கு ராத்திரி எத்தனை தடவை உங்களுக்குப் போனை எடுத்தேன், வெச்சேன், தெரியுங்களா?"

"எடுத்தவ பேச வேண்டியதுதானே? கேட்டிருந்தா என்னோடதுல மூணு குடுத்திருப்பேனேடி! பாதிக்குப் பாதி! மூணு பென்சில், ஆறு முனை, ரெண்டு பேருக்கும் தாராளமா போதுமே!"

"கேட்டா குடுப்பீங்கன்னு எனக்கெப்படீங்க்கா தெரியும்?"

அதைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு எடை போடத் திரும்பிவிட்டாள்.

ஒரு வருசம்டி. ஒரு வருசமா உன் பென்சிலை நான்தானே சீவினேன். உன் கை அழுத்தற அழுத்துக்குத் தகுந்த மாதிரி, உனக்கே தெரியாம. விரல் வெட்டினப்ப கட்டுப் போட்டது யாரு? உங்கண்ணிகிட்ட வந்து பேசினது யாரு? கேட்டா குடுப்பேனா மாட்டேனான்னுகூடத் தெரியாமத்தான் அக்கா அக்கான்னு இத்தனை நாள் கூப்பிட்டியா?

பென்சிலை மாத்தினதைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேன் என்று நினைக்கிறேன். அந்த ஒரு வார்த்தையை மறக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

அவரிடம் எல்லாம் சொன்னேன். இந்தத் தடவை போச்சாது சொல்லவில்லை. "அருள்ராஜ் சார்கிட்டச் சொல்லலாம் வா" என்றார். சொல்லி? பரீட்சையைத் திரும்ப வைப்பார்களா? அவள் பேர் கெடும். அண்ணன் வீட்டில் அதையே சாக்காக வைத்து வெளியே தள்ளுவார்கள். அது எனக்கு வேண்டாம். அவள் கெட்டுப் போகட்டும் என்றும் வருகிறது. இரண்டும்தான் வருகிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஒரு மாசமாகப் பிளேடைத் தொடவில்லை. இன்று தொட்டேன். வெயில் அடித்தது, கட்டை நன்றாகக் காய்ந்து, சொன்ன பேச்சைக் கேட்டது. சுருள் அறுபடாமல் வந்தது. வாசம் வந்ததும் பழைய ஞாபகத்தில் இரண்டாவது பென்சிலையும் எடுத்துவிட்டேன், குட்டையாக விடணும் என்று கை தானாகப் போகிறது. தூக்கி வீசினேன். இந்த ஒரு சுகத்தையும் கெடுத்துவிட்டுப் போய்விட்டாள், பாவி.

அக்டோபர் 24, வியாழன்

ரிசல்ட். எனக்கு இல்லை. அவள் பாஸ்.

அக்டோபர் 27, ஞாயிறு

இன்ஸ்டிட்யூட் வாசலில் அவள் பேரை போர்டில் எழுதிப் போட்டிருக்கிறார் சார். என்னை உள்ளே கூப்பிட்டு, "என்னம்மா ஆச்சு? உன் ஸ்பீடுக்கு நீதானே வரணும்" என்றார். "பென்சில் சரியில்லைங்க சார்" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் பென்சிலா? ஊருக்கே சீவிக் குடுக்கறவ நீ!" நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் வேலையில் நானே குறை சொல்லிக்கொண்டு வந்தேன், அவளைக் காப்பாற்ற. எனக்கு எதுக்கு இந்த எழவு நல்ல மனசு?

அவள் வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறாள். அம்மன் படம், 'தாயே உன் கருணை.'

நவம்பர் 15, வெள்ளி

கோர்ட்டு வேலைக்கு இன்று கடைசித் தேதி. பேக்கிங் ஹாலில் ஓவர்டைம். தூள் கூடுதல். இருமல்.

ஜனவரி 12, ஞாயிறு

காலையில் புல்லெல்லாம் உறைபனி. விரல் விறைத்துப் பிளேடு பிடிபடவில்லை. ஆனாலும் இருபது நிமிசம் எழுதிப் பழகினேன். பேப்பரைப் படிக்க ஆள் இல்லை. அவரைப் படிக்கச் சொன்னால் இங்கிலீஷைக் கூட்டிக் கூட்டி, வாய்தா கேட்கிற மாதிரி இழுக்கிறார். சிரித்துவிட்டேன். எத்தனை நாளாச்சு சிரித்து. அப்புறம் போனில் யாரோ படிப்பதைப் போட்டு எழுதினேன். எதுக்கு எழுதுகிறாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.

பிப்ரவரி 8, சனி

பரீட்சை எழுதினேன். டப்பாவை எந்தக் கோயிலுக்கும் அனுப்பவில்லை, ராத்திரி தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன். ஒரு முனையும் ஒடியவில்லை. ஒரு வார்த்தை விடவில்லை. வெளியே வந்து யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். நாளைக்குச் சர்டிபிகேட் வந்தாலும் அந்த வேலைக்கு எனக்கு வயசில்லை.

மார்ச் 16, ஞாயிறு

மத்தியானம். அவர் ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் வனிதா.

மெலிந்து போயிருக்கிறாள். கையில் ஒரு காகிதப் பை. நிலைப்படிக்கு வெளியேயே நின்றாள், நானும் வா என்று சொல்லவில்லை.

"வர்ற வியாழக்கெழமை ஸ்கில் டெஸ்ட்டுங்க்கா. கோர்ட்டுல. அவங்க டிக்டேட் பண்ணுவாங்க, முன்னால உக்காந்து எழுதணும். அதுல வந்துட்டா வேலை நிச்சயமுங்க."

"ம்."

"ஷார்ப்னர்ல சீவிப் பாத்தேன், எனக்கு வரலைங்க. கடையில சீவுன பென்சில் வாங்கிப் பாத்தேன், அதுவும் வரலை. ரெண்டு வரிக்கு ஒண்ணு ஒடையுது. இன்ஸ்டிட்யூட்ல யாருக்கும் உங்களை மாதிரி..." நிறுத்தினாள். பையிலிருந்து புதுப் பென்சில் ஆறு எடுத்து நீட்டினாள். சீவாத பென்சில். "அண்ணன் ஊட்டுல இருந்து வந்துட்டேனுங்க. பேக்கரிக்கு மேல ஒரு ரூமு, கூட வேலை செய்யற ரெண்டு பிள்ளைகளோட சேர்ந்து. இந்த வேலை வரலைன்னா எனக்கு வேற போக்கில்லைங்க்கா."

நான் பென்சிலைப் பார்த்தேன். லெட் எல்லாவற்றிலும் சரியாக நடுவில் இருந்தது. பஷீர் பாய்தான் பார்த்துக் கொடுத்திருப்பார்.

"அன்னைக்குக் கேக்காம விட்டது என்ற தப்புதானுங்க. காலம் பூராவும் தப்புதான். இன்னைக்குக் கேக்கறேன். எனக்குச் சீவிக் குடுங்கக்கா."

கேட்டிருந்தா குடுத்திருப்பேன், கேட்டிருந்தா குடுத்திருப்பேன் என்று இந்த ஏழு மாசமாக நான் சொல்லாத ஆள் இல்லை. அவரிடம் சொன்னேன். பஷீர் பாயிடம் சொன்னேன். அடுப்படியில் நின்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நம்பித்தான் இத்தனை நாள் தலை நிமிர்ந்து நடந்தேன்.

அவள் கேட்டாள். வாய் திறந்து, கையை நீட்டி, கேட்டாள்.

"முடியாது வனி" என்றேன்.

கோபத்தில் சொல்லவில்லை. குரல்கூட உயரவில்லை. அவளுக்கும் அது எதிர்பார்த்ததுதான் போல, தலையை மட்டும் ஆட்டினாள். நீட்டின கை அப்படியே இருந்தது. நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, மடித்த துணியையே பிரித்துப் பிரித்து மறுபடி மடித்தேன்.

செருப்புச் சத்தம் கேட்கும் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வெகு நேரம் கேட்கவில்லை. வெளியேதான் நின்றிருக்கிறாள்.

நான் திறக்கவில்லை.